முன்னே சென்றவரிடம் வழி கேளுங்கள்



பட்டமளிப்பு விழா முடிந்து, கறுப்பு அங்கியில் எடுத்த புகைப்படம் சுவரில் மாட்டப்பட்ட பிறகு, நம்முடைய வீடுகள் பலவற்றில் ஒரு மௌனம் உண்டாகிறது. மகன் பி.காம். முடித்தாயிற்று; மகள் பி.எஸ்சி. முடித்தாயிற்று. "அடுத்து என்ன?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வீட்டில் ஒருவருமில்லை. தகப்பனார் தோல் பட்டறையிலோ, இட்லிக் கடையிலோ, மாநகராட்சியின் துப்புரவுப் பணியிலோ உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர். தாயார் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிக் கல்லூரிக் கட்டணம் செலுத்தியவர். அவர்களுடைய அன்பில் குறைவில்லை. ஆனால் தணிக்கை அலுவலகத்தில் எப்படிச் சேருவது, மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் முதல் ஆண்டு என்ன வேலை கொடுப்பார்கள், எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக்கூடாது என்று அவர்களால் சொல்ல இயலாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை, தன் வீட்டார் யாரும் நடந்திராத பாதையின் தொடக்கத்தில் தனியாக நிற்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் வந்து, "பாஸ்டர், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பது எல்லாச் சபைகளிலும் வழக்கம். போதகர் ஜெபிப்பார், தெரிந்த இரண்டொருவரிடம் சொல்லியும் வைப்பார். ஆயினும் வேதாகமக் கல்லூரியில் படித்த ஒருவர் கணக்குத் தணிக்கையைக் குறித்தும் வேதிப்பொறியியலைக் குறித்தும் எவ்வளவுதான் சொல்ல முடியும்? விடை அறிந்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். உங்களுக்கு மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு முன்னதாக அதே கல்லூரியின் அதே வகுப்பறையிலிருந்து வெளியேறிச் சென்றவர்களே அவர்கள். அவர்களிடம் சென்று வழி கேட்பதைக் குறித்தே இக்கட்டுரை.

ஊர் உறவு தந்ததும் தர இயலாததும்

மும்பைக்கு நம் முன்னோர் வந்த விதத்தைச் சற்றே எண்ணிப்பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் தொடங்கியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அதில் இடம்பிடித்தார்கள். முதலில் ஒருவர் வந்தார். அவர் தம் தம்பியை அழைத்தார். தம்பி மைத்துனரை அழைத்தார். மைத்துனர் தெருவிலுள்ள நான்கு பேரை அழைத்துவந்தார். மாட்டுங்காவில் குடியேறிய தமிழரின் கதையும் அத்தகையதே. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கம்பெனிகளிலும் இரயில்வேயிலும் எழுத்தராகச் சேர்ந்தவர், ஊரிலிருந்து அடுத்தவரை வரவழைத்துத் தம் அறையிலேயே படுக்க இடம் கொடுத்தார். அவர்கள் பிள்ளைகள் படிக்கும்படியாக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. அதனுடைய கல்லூரி 1960இல் சயானில் உண்டாயிற்று.

ஆகவே ஊர்க்காரர் என்ற உறவை இழிவாக எண்ணலாகாது. அந்த உறவு இல்லாதிருந்தால் நம்மில் பலர் இந்நகரத்தில் முதல் இரவைக் கழிக்கவும் இடமிருந்திராது. ஆனால் அவ்வுறவுக்கு ஓர் எல்லை உண்டு. தோல் பட்டறையில் இருப்பவர் தோல் பட்டறையில் சேர்த்துவிடுவார், ஓட்டுநர் ஓட்டுநராக்கிவிடுவார். தாம் அறிந்த வேலைக்கே ஒருவர் இன்னொருவரை அழைத்துச் செல்ல முடியும். பட்டம் பெற்ற பிள்ளை போகவேண்டிய இடத்தை அறியாத உறவினர், எவ்வளவு நல்ல மனதுள்ளவரானாலும், அங்கே கூட்டிச் செல்லமாட்டார்.

இது வெறும் ஊகமன்று. நமக்கு அருகிலுள்ள தாதரில் கைவான் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் பள்ளி மாணவர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, 2006இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பள்ளிச் சேர்க்கையையும் வருமானத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1990களில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு அலுவலக வேலைகளில் வருமானம் வெகுவாக உயர்ந்தது. அப்படியிருந்தும், உடலுழைப்புத் தொழில்களில் வலுவான சாதி உறவுக் கட்டுக்கோப்பு உடைய குடும்பங்கள் தங்கள் ஆண்பிள்ளைகளைத் தொடர்ந்து மராத்தி வழிப் பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். காரணம் எளிது. தகப்பனுக்கும் சிற்றப்பனுக்கும் தெரிந்த வேலை ஒன்று அப்பையனுக்காகக் காத்திருந்தது. அதே குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு அவ்வாறு காத்திருந்த வேலை ஒன்றுமில்லை. அவர்களைப் பிடித்துவைக்க ஒரு கட்டுக்கோப்பும் இல்லாதபடியால், அவர்கள் வேகமாக ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு மாறிப் புதிய வாய்ப்புகளைப் பற்றிக்கொண்டார்கள்.

பெற்றோரே, இதை ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள். தகப்பனுக்கு அடைக்கலமாயிருந்த அதே உறவு, மகனுக்கு வேலியாகவும் ஆகிவிடக்கூடும். உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதனுடன் இன்னொரு உறவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டத்துடன் கூட வருவது அந்த இன்னொரு உறவு.

தூரத்தில் இருப்பவரே அதிகம் அறிவார்

"எனக்கு முகம் தெரியாதவர் எனக்கு ஏன் உதவுவார்?" என்று கேட்பீர்கள். சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் இதை ஆராய்ந்து 1973இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 100க்கு ஏறத்தாழ 17 பேர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55க்கும் அதிகம். அபூர்வமாகச் சந்தித்தவர்கள் ஏறத்தாழ 28. பழைய கல்லூரித் தோழர், முன்பு உடன் வேலை செய்தவர் போன்று, தொடர்பு ஏறக்குறைய அற்றுப்போனவர்களே பலருக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள்.

காரணத்தை எண்ணிப்பார்த்தால் வியப்பில்லை. நம்முடன் தினமும் பேசுகிறவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். வேறு வட்டத்தில் வாழ்கிறவரிடமே நமக்குத் தெரியாத செய்தி இருக்கும். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இன்னோர் ஆய்வு, லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைத் தொடர்பு வலைத்தளத்தில் ஐந்தாண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரிடையே நடத்திய சோதனைகளை ஆராய்ந்தது. மிக நெருங்கியவர்களைக் காட்டிலும் ஓரளவு தூரத்து அறிமுகமே புதிய வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று அதுவும் கண்டது.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இது புதிய செய்தியன்று. யோசேப்பைப் பார்வோனிடம் கொண்டுபோய் நிறுத்தியது அவனுடைய சகோதரர் அல்லர். அவனோடு ஒரே சிறைச்சாலையில் சிலகாலம் இருந்து வெளியேறிய பானபாத்திரக்காரரின் தலைவனே. யோசேப்பு அவனிடம் வாய்திறந்து கேட்டான். அவன் இரண்டு வருடம் மறந்தும்போனான். ஆனாலும் ஏற்ற வேளையில் அந்த அறிமுகமே பயன்பட்டது. "ஜெபித்தால் போதாதா, மனிதரிடம் கேட்பது விசுவாசக் குறைவல்லவா?" என்று கலங்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். ஜெபிக்கிறவன் கேட்கவும் செய்தான்.

மாட்டுங்காவிலேயே ஒரு சான்று

தாராவியிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தூரத்தில், மாட்டுங்கா கிழக்கில் வேதித்தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1933ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, யு.டி.சி.டி. என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டு, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே படித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஆந்திரத்தில் மஞ்சள் பயிரிட்ட விவசாயியின் மகனான கல்லம் அஞ்சி ரெட்டி அங்கே படித்து, 1984இல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, தாயின் கூலி உழைப்பில் மும்பையில் வளர்ந்த ரகுநாத் மஷேல்கர், அங்கே பேராசிரியர் எம். எம். ஷர்மாவிடம் ஆய்வு செய்து 1969இல் முனைவர் பட்டம் பெற்றார். பிற்பாடு 1995 முதல் 2006 வரை நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்குத் தலைமை இயக்குநராயிருந்தார். தொழிலதிபர் முகேஷ் அம்பானியும் அதே பேராசிரியரிடம் படித்தவர். 2025 ஜூன் மாதத்தில் தம் ஆசிரியருக்குக் குருதட்சிணையாக 151 கோடி ரூபாயை அந்நிறுவனத்துக்கு அறிவித்தார்.

விவசாயியின் மகனும், கூலி வேலை செய்த தாயின் மகனும், செல்வந்தரின் மகனும் ஒரே நிறுவனத்தின் பழைய மாணவர் என்று சொல்லப்படுகிறார்கள். வேறெந்த உறவும் அவர்களை ஒன்றாக எண்ணியிராது. படித்து முடித்து நெடுங்காலம் கழிந்த பின்னும் ஒருவர் தம் கல்விக்கூடத்தை நினைக்கிறார் என்றால், அதே கல்விக்கூடத்தின் இளையவர் எழுதும் நான்கு வரிக் கடிதத்தை வாசிக்கவும் பலர் மனதுள்ளவராயிருப்பார்கள் என்று நம்பலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு மூத்த மாணவரின் ஆலோசனை கேட்காமலே கிடைக்கிறது. இரவு உணவு மேசையில், தேர்வுக்கு முந்திய அரட்டையில், எந்தக் கம்பெனி நல்லது, எந்தத் தேர்வு பயனுள்ளது என்பதெல்லாம் காதில் விழுந்துவிடுகிறது. நம் பிள்ளைகளோ வகுப்பு முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடிவருகிறார்கள். மாலையில் பட்டறைக் கணக்கு எழுதவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கவேண்டும். குழாயில் தண்ணீர் பிடிக்கவேண்டும். இவர்களுடைய அறிவில் குறைவில்லை; அந்த மேசையில் உட்கார நேரமில்லாமல் போயிற்று, அவ்வளவே. மற்றவர் இலவசமாகப் பெற்றதை இவர்கள் கடிதம் எழுதிப் பெறவேண்டியிருக்கிறது.

யாரைத் தேடுவது? எங்கே தேடுவது?

முதலாவது, கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தை விசாரியுங்கள். மாட்டுங்காவிலுள்ள பொடார், ரூயா, கால்சா கல்லூரிகளும், 1887இல் தோன்றிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும் பல தலைமுறைப் பட்டதாரிகளை உண்டாக்கியவை. செம்பூரில் விவேகானந்த கல்விச் சங்கத்தின் கல்லூரிகள் உள்ளன. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பு, பழைய மாணவரின் ஈடுபாட்டையும் அளவுகோல்களில் ஒன்றாக வைத்ததனால், பெரும்பாலான கல்லூரிகளில் இப்படியொரு சங்கம் பெயரளவிலாவது இருக்கிறது. ஆண்டுக் கூட்டம் என்றைக்கு என்று அலுவலகத்தில் கேட்டு, அன்றைக்குத் தவறாமல் செல்லுங்கள்.

இரண்டாவது, உங்களுக்குக் கற்பித்த பேராசிரியரிடம் கேளுங்கள். "ஐயா, நம் துறையில் படித்து இப்போது இந்த வேலையில் இருப்பவர் யாரையாவது நான் சந்திக்கலாமா?" என்று கேட்டால், மகிழ்ச்சியோடு இரண்டு பெயர் சொல்லாத ஆசிரியர் குறைவு. ஆசிரியரின் பெயரைச் சொல்லி எழுதும் கடிதத்துக்குத் தனி மதிப்புண்டு.

மூன்றாவது, மேலே சொன்ன லிங்க்ட்இன் தளத்தில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடினால், அங்கே படித்தவர்கள் எந்த நகரத்தில், எந்த நிறுவனத்தில், என்ன பணியில் இருக்கிறார்கள் என்பதைக் காணலாம். மிகப் பெரிய பதவியில் உள்ளவரை முதலில் தேடவேண்டாம். உங்களைவிட மூன்று முதல் ஏழு ஆண்டு மூத்தவரே நலம். அவருக்கு வழி இன்னும் மறந்திராது.

கல்லூரியில் ஒருவரும் அகப்படாவிட்டால் பல்கலைக்கழகம் இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் 1857 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. வேறு கல்லூரியில் படித்தவரானாலும், அதே பாடத்திட்டத்தில் அதே தேர்வை எழுதியவர் உங்களுக்கு உடன்பட்டதாரியே. தபால் வழியில் பட்டம் பெற்றவர்களும் இதில் கூச்சப்படவேண்டியதில்லை. வேலை செய்துகொண்டே படித்து முடித்த மூத்தவர் ஒருவர், உங்கள் நிலையை மற்றெவரையும்விட நன்றாக அறிவார்.

தமிழ்நாட்டில் பட்டம் பெற்று மும்பைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். பாளையங்கோட்டையில் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியிலோ, 1895இல் தொடங்கிய சாராள் தக்கர் பெண்கள் கல்லூரியிலோ, மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியிலோ படித்தவர்கள் இந்நகரத்தில் இல்லாமலா போவார்கள்? நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். அவர்கள் முன்பே வந்து வழி கண்டவர்கள்.

கடிதம் எழுதும் விதம்

கடிதம் சுருக்கமாயிருக்கட்டும். நீங்கள் யார், அவரை எப்படி அறிந்தீர்கள், எதை அறிய விரும்புகிறீர்கள், எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்ற நான்கும் இருந்தால் போதும். ஒரு மாதிரியைத் தருகிறேன். இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழிலேயே எழுதலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் நம் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. கணக்கியல் துறைப் பேராசிரியர் தங்கள் பெயரைச் சொன்னார். தணிக்கைத் துறையில் செல்ல விரும்புகிறேன். என் குடும்பத்தில் இத்துறையில் ஒருவரும் இல்லை. தொடக்கத்தில் எதைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று தங்களிடம் கேட்டறிய ஆவலாயிருக்கிறேன். தங்களுக்கு வசதியான ஒரு நாளில் 15 நிமிடம் தொலைபேசியில் பேச அனுமதிப்பீர்களா? இயலாவிடினும் இதை வாசித்ததற்கு நன்றி."

இதில் வேலை கேட்கப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? "எனக்கு ஒரு வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதினால், அவர் கையில் வேலை இருந்தாலொழிய அவரால் விடை சொல்ல முடியாது. மௌனமாகிவிடுவார். "நான் எதைக் கற்கவேண்டும்?" என்று கேட்டாலோ, எவரிடமும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். ஆலோசனை கேட்பது பிச்சை கேட்பதன்று. கேட்கிறவர் தாழ்ந்துபோவதுமில்லை, கொடுக்கிறவருக்குக் குறைந்துபோவதுமில்லை.

சபையில் நாம் சொல்லும் 'ஸ்தோத்திரம்' எல்லாருக்கும் பழக்கமான வாழ்த்தன்று, வணக்கம் போதும். எடுத்தவுடனே 'அண்ணா', 'அக்கா' என்று உரிமை கொண்டாடவும் வேண்டாம். மும்பை அலுவலகங்களில் 'சர்', 'மேடம்' என்பதே முறை. அவரே அண்ணன் என்று அழைக்கச் சொன்னால் அப்போது அழைக்கலாம். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு நகல் எடுத்து அனுப்பாதீர்கள். வாசிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

என்ன கேட்பது?

பேசுவதற்கு முன் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

1. காலை முதல் மாலை வரை உங்கள் வேலை உண்மையில் எப்படியிருக்கும்?
2. முதல் இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு அதிகம் பயன்பட்ட திறமை எது?
3. எந்தப் பயிற்சி அல்லது தேர்வு பணத்துக்கும் காலத்துக்கும் தகுதியானது? எது வீண்?
4. புதிதாகச் சேருகிறவருக்குச் சம்பளம் பொதுவாக எந்த அளவில் தொடங்குகிறது?
5. நான் அடுத்து யாரிடம் பேசினால் நலம்?

அவருடைய சொந்தச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். நான்காவது கேள்வி பொதுவானது, அதைக் கேட்கலாம். ஐந்தாவது கேள்வியை மறவாதீர்கள். ஓர் அறிமுகம் இரண்டாவதாகப் பெருகுவது அதனால்தான்.

இப்படிக் கேட்டால் கிடைப்பது என்ன என்பதற்கு இரண்டு உதாரணம். பட்டயக் கணக்காளர் படிப்பில் செய்முறைப் பயிற்சி முன்பு மூன்று ஆண்டாயிருந்தது; 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் அது இரண்டு ஆண்டாயிற்று. பழைய கணக்கை மனதில் வைத்து, "அவ்வளவு காலம் நம் குடும்பத்தால் தாங்க முடியாது" என்று பின்வாங்கும் வீட்டில், அண்மையில் அவ்வழி சென்ற ஒருவரின் ஒரே வாக்கியம் முடிவை மாற்றிவிடும். அவ்வாறே, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றவர்களுக்கும் உதவித்தொகையுடன் ஓராண்டு நிறுவனப் பயிற்சி அளிக்கும் திட்டம் உண்டு. அதனை நடத்தும் மேற்கு மண்டல வாரியத்தின் அலுவலகம் நம் சயானிலேயே இருக்கிறது. அவ்வழியாக நாள்தோறும் பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்த ஒரு மூத்தவர் சொன்னால் தெரியும்.

எச்சரிக்கையாயிருங்கள்

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு உண்டாகும் அச்சம் நியாயமானதே. அதற்காக மகளைக் கேட்கவிடாமல் தடுத்தால், தாதர் ஆய்வில் அப்பெண்பிள்ளைகள் பெற்ற நன்மையை நம் மகள் இழந்துபோவாள். தடுப்பதைவிட ஒழுங்கு செய்வது மேல். முதலாவது பேச்சு தொலைபேசியிலேயே இருக்கட்டும். நேரில் சந்திப்பதானால், கல்லூரியிலோ அலுவலகத்திலோ பகல் வேளையில் சந்திக்கட்டும். எங்கே, யாரை, எப்போது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். கூடியவரை அதே துறையில் உள்ள மூத்த மாணவியைத் தேடுவது இன்னும் நலம். திருமணத்துக்கும் குழந்தைகளுக்கும் பின் வேலையில் எப்படி நிலைத்திருப்பது என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

இரண்டாவது எச்சரிக்கை பணத்தைக் குறித்தது. உண்மையான மூத்தவர் ஒருவரும் ஆலோசனைக்கோ சிபாரிசுக்கோ பணம் கேட்கமாட்டார். "முன்வைப்புத் தொகை கட்டினால் இடம் உறுதி" என்று எவராவது சொன்னால், அவர் உங்கள் கல்லூரியின் பெயரையே சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வளைகுடா போன்ற வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராயிருக்கவேண்டும். அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் அவருடைய பதிவைச் சரிபார்த்த பிறகே பேசுங்கள். ஆதார் எண், வங்கி விவரம், அசல் சான்றிதழ் எதையும் ஆலோசனை கேட்கும் கட்டத்தில் யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை.

பதில் வந்தாலும் வராவிட்டாலும்

பத்துப் பேருக்கு எழுதினால் எல்லாரும் பதில் தரமாட்டார்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கு மேல் தொடரவேண்டாம். அவர் உங்களை இகழ்ந்தார் என்று எண்ணிச் சோர்ந்துபோகாதீர்கள். உள்ளூர் இரயிலில் இரண்டு மணி நேரம் நின்று வீட்டுக்கு வந்தவர் கடிதத்தைப் பார்க்காமலே தூங்கியிருக்கலாம்.

பதில் தந்தவருக்கோ, பேசிய அன்றைக்கே நன்றி எழுதுங்கள். பெரும்பாலோர் மறந்துவிடும் காரியம் ஒன்றுண்டு. மூன்று மாதம் கழித்து, "தாங்கள் சொன்னபடி இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன், இவ்விதமாகப் பயன்பட்டது" என்று இரண்டு வரி எழுதுங்கள். தாம் சொன்ன ஆலோசனையை ஒருவர் கைக்கொண்டார் என்று அறிந்தவர், அவரை எளிதில் மறக்கமாட்டார். வேலைக்கு ஆள் தேவைப்படும் நாளில் முதலாவது நினைவுக்கு வருவதும் அந்தப் பெயரே.

அவர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவேண்டும் என்பதுமில்லை. ஒருவருடைய அனுபவம் ஒருவருடையதே. மூன்று பேரிடம் கேட்டு, மூவரும் ஒத்துச் சொன்னதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேறுபட்ட இடத்தில் நீங்களே நிதானித்து முடிவெடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு

இறுதியாக ஒரு வார்த்தை, முன்னே சென்றுவிட்ட உங்களுக்கு. தாராவியின் ஒற்றை அறையிலிருந்து படித்து, இன்று நவி மும்பையிலோ தானேயிலோ அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் சகோதர சகோதரிகள் நம்மிடையே அநேகர். 90 அடி சாலையை மறந்துவிட விரும்புகிறவர்களும் உண்டு. உங்கள் கைப்பேசிக்கு முகமறியாத ஒரு பிள்ளையின் கடிதம் வரும்போது, அதன் ஆங்கிலத்தில் இரண்டு பிழை இருக்கலாம். அதைப் பார்த்துப் புறக்கணித்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு ஒருவருமில்லை என்பதினாலேயே உங்களுக்கு எழுதியிருக்கிறது. நீங்கள் செலவிடும் 15 நிமிடம், ஒரு குடும்பத்துக்குத் தவறான படிப்பில் கட்டும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனை மிச்சப்படுத்தக்கூடும்.

சபைகளும் இதில் ஒரு சிறு காரியம் செய்யலாம். நம் மத்தியில் யார், எந்தக் கல்லூரியில், என்ன படித்து, இப்போது எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பதை, அவரவர் சம்மதத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். தேர்வு முடிவு வரும் மாதத்தில் வாலிபர் கூட்டம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அவர்களில் நான்கு பேரை அழைத்துப் பேசச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவில்லை. தேநீரும் பிஸ்கட்டும் போதும்.

வாலிபரே, இந்த வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. ஊரிலிருந்து இரயில் ஏறி வந்த உங்கள் பாட்டனார், சயானிலோ தாதரிலோ இறங்கியவுடன் முன்பின் தெரியாத ஒருவரிடம் வழி கேட்டே தாராவிக்கு வந்துசேர்ந்தார். அவர் கேட்க வெட்கப்படவில்லை. நீங்களும் வெட்கப்படவேண்டாம்.